போன பணத்துக்கு ஒரு மனு

(நம் சங்கத்தின் தில்லிக் கிளையில் நடந்த மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை, அன்று கேட்கப்பட்ட சில கேள்விகளுடன்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "கிரிப்டோ மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி" என்பது. அதைப் பற்றி நாளிதழ்களில் வாரம் ஒரு கட்டுரை வருகிறது. வங்கியிலிருந்து தினம் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. போன் செய்தால் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு குரல் உபதேசம் செய்த காலமும் உண்டு. ஆகவே அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு தலைப்பைச் சற்று நகர்த்தியிருக்கிறேன். பணம் போய்விட்டது. இனி எங்கே போவது, எந்தக் காகிதத்தை யாரிடம் எந்த வரிசையில் கொடுப்பது? இதைச் சொல்லித்தருபவர்கள்தான் குறைவாக இருக்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. படித்தது பி.எஸ்.ஸி. வேதியியல். உத்தியோகம் மத்திய அரசில், பெரும்பாலும் மனுக்களை வாங்கும் பக்கத்து நாற்காலியில். எந்த மனு மேலே நகரும், எந்த மனு கட்டுக்குள் தூங்கும் என்று முப்பத்தைந்து வருஷம் பார்த்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

என் அக்காவின் கணவருக்கு நேர்ந்ததை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். அவர் பெயர் வேண்டாம். அத்திம்பேர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கறிகாய்க்காரனிடம் எட்டணா தவறினால் கண்டுபிடித்துவிடுவார். 2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "ரெண்டு லட்சம் கைமாத்தா வேணும், திங்கட்கிழமை திருப்பிடறேன்" என்றார். வாழ்நாளில் யாரிடமும் கைமாற்று கேட்டவர் அல்ல. நான் பணத்தை அனுப்பாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

நடந்தது பலருக்கும் நடப்பதுதான். யாரோ ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். அதில் ஒரு 'புரொபசர்', அவருக்கு ஓர் உதவியாளர், லாபம் வந்தது என்று தினமும் நன்றி சொல்லும் நூறு பேர். ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் ஐம்பதாயிரம் போட்டார். ஒன்பதாயிரம் லாபம் என்று அவர் வங்கிக் கணக்குக்கே திரும்பி வந்தது. அந்த ஒன்பதாயிரம்தான் தூண்டில் புழு. பிறகு இரண்டு லட்சம், இரண்டு தடவை ஐந்தைந்து லட்சம், வியாழக்கிழமை நாலரை லட்சம். இடையில் ஒரு முறை, நாட்டில் முறையாகப் பதிவான ஒரு எக்ஸ்சேஞ்சில் நாலு லட்சத்துக்கு யு.எஸ்.டி.டி. என்ற டாலர் நாணயத்தை வாங்க வைத்து, அதை அவர்கள் சொன்ன முகவரிக்கு அனுப்பச் செய்தார்கள். செயலியில் கணக்கு ஒரு கோடியைத் தாண்டி நின்றது. எடுக்கப் போனால், "இந்தியச் சட்டப்படி முப்பது சதவீத வரி, முதல் தவணை மூன்று லட்சம் கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும்" என்றார்கள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதையும் கட்டினார். மொத்தம் இருபத்து நாலு லட்சம். அதில் பாதிக்கு மேல் அக்கா பெயரில் இருந்த வைப்புத் தொகை. சாயங்காலம் இன்னும் ஒரு 'சரிபார்ப்பு டெபாசிட்' கேட்டார்கள். அதற்காகத்தான் எனக்குப் போன்.

அந்த வரி விஷயத்தை ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். படித்தவர்களையும் அதுதான் வீழ்த்துகிறது. பொய்யை முழுப் பொய்யாகச் சொன்னால் அத்திம்பேர் பிடித்துவிடுவார். 2022 நிதிச் சட்டத்தின்படி கிரிப்டோ லாபத்துக்கு முப்பது சதவீத வரி என்பது உண்மை. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீதம் பிடித்தம் செய்வதும் அந்த வருஷம் ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் உண்மை. ஆனால் வரியை நாம் வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோம், தரகருக்கு அல்ல. பிடித்தம் என்றால் வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்வது. கையிலிருந்து முன்கூட்டிக் கட்டச் சொல்லி யாரும் பிடித்தம் செய்வதில்லை. வரி என்ற பெயரில் ஒரு ஜவுளிக் கடையின் நடப்புக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னார்கள். நடப்புக் கணக்கின் பெயரைப் பார்த்தபோது அத்திம்பேருக்கே உள்ளுக்குள் ஏதோ நெருடியிருக்கிறது. ஆனால் அதற்குள் இருபத்தொரு லட்சம் போய்விட்டதே, மூன்று லட்சத்துக்காக அதை விடுவதா என்ற கணக்கு ஜெயித்துவிட்டது.

நான் போனபோது மணி ஐந்தரை. உடனே 1930-க்கு அழைக்கலாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "போலீஸுக்குப் போனா குழந்தைகளுக்குத் தெரியும், காலனி பூராத் தெரியும். கணக்குல புலின்னு சொல்லிண்டிருந்தேன், மானம் போயிடும்பா" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நான், "அத்திம்பேர், பணம் இப்போ எங்கேயோ ஒரு பேங்கில இருக்கு. நீங்கோ யோசிக்கற ஒவ்வொரு நிமிஷமும் அது நகர்ந்துண்டிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அக்காதான் போனை எடுத்து எண்களை அழுத்தினாள். மணி அப்போது எட்டு நாற்பது.

இந்த 1930 என்பது என்ன? மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2021-ல் ஏற்படுத்திய முறை. முதலில் 155260 என்று நீளமான எண்ணாக இருந்தது, பிறகு 1930 ஆயிற்று. நீங்கள் எந்த மாநிலத்திலிருந்து அழைக்கிறீர்களோ அந்த மாநிலப் போலீஸார் எடுப்பார்கள். உங்கள் கணக்கு, பணம் அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்டுக் கணினியில் ஏற்றுவார்கள். அது நேராக உங்கள் வங்கிக்கும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் போகிறது. பணம் அங்கே இன்னும் இருந்தால் அந்த வங்கி அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறது. 'லீன்' போடுவது என்பார்கள். அங்கிருந்து வேறு வங்கிக்குப் போயிருந்தால் தகவல் அந்த வங்கிக்குத் தாவுகிறது. அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்தது. ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுத்துவிட்டாலோ, கிரிப்டோவாக மாற்றிவிட்டாலோ துரத்தல் அத்தோடு முடிந்தது.

இதற்குள் இருக்கும் ரசாயனம் எளிது. தண்ணீரில் ஒரு சொட்டு மசி விட்டால் முதல் நொடியில் அது ஒரு புள்ளி, கரண்டியால் எடுத்துவிடலாம். பத்து நிமிஷத்தில் டம்ளர் முழுதும் நீலம். மசி எங்கேயும் போகவில்லை, அங்கேதான் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. மோசடிப் பணமும் அப்படித்தான். வாடகைக்கு எடுத்த கணக்குகள் வரிசையாக இருக்கும். முதல் கணக்கிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து பத்துக்கு. எங்கள் விஷயத்தில் முதல் நான்கு தொகைகளில் ஒரு பைசா மிச்சமில்லை. அவை வாரங்களுக்கு முன்னால் போனவை. வியாழக்கிழமை போன நாலரை லட்சத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அகப்பட்டது. சனிக்கிழமை காலை போன மூன்று லட்சத்தில் இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரம் அகப்பட்டது. இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு வளைகோடு வரையக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். நான் வரையவில்லை; நீங்களே மனத்தில் வரைந்துகொள்ளலாம்.

போனில் சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஒப்புகை எண் குறுஞ்செய்தியாக வரும். அதை வைத்துக்கொண்டு இருபத்து நாலு மணி நேரத்துக்குள், 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற அரசு தளத்தில் முழுப் புகாரையும் நிரப்ப வேண்டும். 1930 லைன் கிடைக்காமல் போனால் காத்திராமல் நேரே இந்தத் தளத்திலேயே துவங்கலாம். தேடுபொறியில் தேடிப் போகாமல் முகவரியை நீங்களே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். இதே பெயர் சாயலில் போலித் தளங்கள் உண்டு.

இங்கேதான் என் பழைய உத்தியோகம் உதவியது. அத்திம்பேர் முதலில் எழுதிய புகார் நாலு பக்கம். புரொபசர் எப்படிப் பேசினார், உதவியாளர் எவ்வளவு மரியாதையாக இருந்தாள், தான் எவ்வளவு வருஷம் அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்தேன் என்றெல்லாம் இருந்தது. மனிதர் மனம் புண்பட்டிருக்கிறார், எழுதினால் ஆறும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நூறு புகார் பார்க்கும் சப்-இன்ஸ்பெக்டருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நான் அதைத் தனியாக வைத்துவிட்டு ஒரு பக்கத்தில் ஒரு அட்டவணை போட்டேன். வரிசை எண், தேதி, மணி, எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, அந்த வங்கியின் ஐ.எஃப்.எஸ்.ஸி. குறியீடு, தொகை, யு.டி.ஆர். எண். இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். யு.பி.ஐ.யிலும் ஐ.எம்.பி.எஸ்.ஸிலும் அது 12 இலக்கம், நெஃப்டில் 16 எழுத்து, ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் 22. ஒரு இலக்கம் தவறினால் வங்கியின் கணினி "இப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லை" என்று சொல்லிவிடும். பாஸ்புக்கைப் பார்த்துக் கையால் எழுதாதீர்கள். வங்கி அறிக்கையை இறக்கி அதிலிருந்து நகல் எடுங்கள்.

வந்த பணத்தையும் எழுத வேண்டும். "அந்த ஒன்பதாயிரத்தைச் சொல்ல வேண்டாமே, நமக்கு ஏதோ லாபம் வந்த மாதிரி ஆயிடும்" என்றார் அத்திம்பேர். எழுதியே ஆக வேண்டும் என்றேன். அந்த ஒன்பதாயிரம் வேறு ஏதோ ஊரில் ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் துரத்தல் நம் கணக்கு வரைக்கும் வந்து, நம் ஓய்வூதியக் கணக்கே முடங்கும். அப்படி முடங்கியவர்கள் பலர். முன்பே நாமாக எழுதிக் கொடுத்திருந்தால் விளக்கம் சொல்வது சுலபம்.

கிரிப்டோவாக அனுப்பிய நாலு லட்சத்துக்குத் தனி அட்டவணை. அதில் வங்கி எண்ணுக்குப் பதிலாக இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, பணம் போன வாலெட் முகவரி. ட்ரான் வலையமைப்பாக இருந்தால் ஆங்கில 'டி' எழுத்தில் துவங்கும் 34 எழுத்து. எத்தீரியமாக இருந்தால் பூஜ்யமும் 'எக்ஸ்'ஸும் முன்னால் வந்து அதன்பின் 40 எழுத்து. இரண்டாவது, பரிவர்த்தனையின் ஹாஷ். 64 எழுத்து நீளம். எக்ஸ்சேஞ்சின் செயலியில் 'வித்ட்ராயல் ஹிஸ்டரி'யில் இரண்டும் இருக்கும். கிரிப்டோ என்றால் ஒன்றுமே தெரியாமல் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. பிளாக்செயின் என்பது அழிக்க முடியாத மசியில் எழுதிய ஆய்வகக் குறிப்பேடு மாதிரி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தெரியாதது ஒன்றுதான்: அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் மனிதன் யார். அவன் அதை ஏதாவது ஒரு பதிவான எக்ஸ்சேஞ்சில் ரூபாயாகவோ டாலராகவோ மாற்ற வரும்போது பிடி கிடைக்கலாம். யு.எஸ்.டி.டி.யை வெளியிடும் டெதர் நிறுவனம், போலீஸ் அதிகாரபூர்வமாகக் கேட்டால் ஒரு முகவரியையே முடக்க முடியும். பல தடவை முடக்கியும் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியது போலீஸ். நாம் தர வேண்டியது பிழையில்லாத எழுத்துகள். எங்கள் நாலு லட்சம் இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். தளத்தில் கொடுத்த புகாரும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றல்ல. பலர் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். தில்லியில் ஒவ்வொரு போலீஸ் மாவட்டத்துக்கும் ஒரு சைபர் காவல் நிலையம் உண்டு. திங்கட்கிழமை காலை போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால், "பணம் போன கணக்கு வேறு மாநிலத்தில் இருக்கிறது, அங்கே கொடுங்கள்" என்றார். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. நான் அதை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். சண்டை போடவில்லை, மேஜைமேல் வைத்தேன். அன்று மாலை பதிவாயிற்று. ஏமாற்றுதலுக்கு நியாய சன்ஹிதாவின் 318(4), ஆள்மாறாட்டத்துக்கு 319, அதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அந்த 173-லேயே இருக்கிறது. மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்; அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 193-வது பிரிவின்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் நமக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தொண்ணூற்றோராம் நாள் ஒரு பதிவுத் தபால் போட்டேன். பதில் வந்தது.

எங்களுக்குப் பிறகு ஒரு நல்ல மாற்றம். 2025 மே மாதம் தில்லியில் சோதனை முறையாக, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழப்பு என்றால் 1930-லோ தளத்திலோ கொடுத்த புகார் தானாகவே ஸீரோ எஃப்.ஐ.ஆர். ஆகும் முறையைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளுக்குள் சைபர் காவல் நிலையத்துக்குப் போய் அதை முறையான எஃப்.ஐ.ஆராக மாற்றிக்கொள்ள வேண்டும்.

அத்தாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கோபத்தில் வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறாதீர்கள், செயலியை அழிக்காதீர்கள், போனை 'ரீசெட்' செய்யாதீர்கள். பேரன் பேத்திகள் நல்லெண்ணத்தோடு முதலில் செய்வது அதுதான். உரையாடலை 'எக்ஸ்போர்ட்' செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில் மின்னணுச் சாட்சியத்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு; ஏ பகுதி நாம் கையெழுத்திடுவது, பி பகுதி நிபுணர் கையெழுத்திடுவது. அதில் கோப்பின் ஹாஷ் எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் கணிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். அதை வக்கீலும் விசாரணை அதிகாரியும் பார்த்துக்கொள்வார்கள். நாம் மூலத்தைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

நிறுத்தி வைத்த பணம் தானாக நம் கணக்குக்கு வந்துவிடும் என்று அத்திம்பேர் நினைத்திருந்தார். அது வழக்குச் சொத்து. திரும்பப் பெற மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டியிருந்தது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் இது 457. தில்லி நீதிமன்றங்களில் இதை 'சூப்பர்தாரி' மனு என்று சொல்லக் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல், வங்கி அறிக்கை, எந்த வங்கியில் எவ்வளவு நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற விவரம் எல்லாம் வேண்டும். நீதிமன்றம் விசாரணை அதிகாரியிடம் அறிக்கை கேட்கும். பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் திருப்பித் தருகிறேன் என்று நாம் ஒரு பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மனு. மூன்று தடவை தேதி தள்ளிப் போயிற்று; ஒரு வங்கி தன் பதிலை அனுப்பவே இல்லை. ஆகஸ்டில் உத்தரவு, செப்டம்பரில் பணம். மூன்று லட்சத்து எழுபத்து மூன்றாயிரம். போனதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வக்கீல் செலவு பயமாக இருப்பவர்களுக்கு: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பணம் அனுப்பிய கணக்கு மனைவியின் பெயரில் இருந்தால் மனுவை அவரே போடலாம்.

வங்கியிடமிருந்து வாங்க முடியாதா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் போட்ட சுற்றறிக்கையைப் பலர் வெட்டி வைத்திருக்கிறீர்கள். மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது. ஆனால் அது நம் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. ஏமாற்றப்பட்டாலும் ஓ.டி.பி.யை அடித்தது அத்திம்பேரின் விரல். அவர் வங்கி ஒரே வரியில் பதில் எழுதிவிட்டது. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்ட வங்கியின் சங்கதி வேறு. ஒரு சின்னக் கடையின் பெயரில் துவங்கிய கணக்கில் ஒரே நாளில் லட்ச லட்சமாக வந்து போனதை ஏன் கவனிக்கவில்லை, கணக்கைத் துவங்கும்போது யாரைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டு எழுதினோம். முப்பது நாளில் திருப்தியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இன்னும் ஒரு வாசல் இருக்கிறது, அதிகம் பேர் தட்டுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் அந்தத் துறையின் செயலாளரே தீர்ப்பாளர். ஐந்து கோடி வரைக்கும் நஷ்ட ஈடு கோரலாம். 2010-ல் தமிழ்நாட்டில் இணைய வங்கி மோசடியில் பணம் இழந்த ஒருவருக்கு, வங்கி பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் தர வேண்டும் என்று அந்த வழியில்தான் உத்தரவு வந்தது. அது வங்கியின் பாதுகாப்புக் குறை சம்பந்தப்பட்டது; நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி சொல்லப்போவதுதான் நான் இன்று பேச ஒப்புக்கொண்டதற்கே காரணம். எஃப்.ஐ.ஆர். பதிவாகிப் பதினைந்து நாள் கழித்து அத்திம்பேருக்கு ஒரு போன். சுத்தமான ஆங்கிலம். "உங்கள் பணம் இருக்கும் வாலெட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். நாங்கள் பணம் மீட்கும் ஏஜென்ஸி, போலீஸோடு சேர்ந்து வேலை செய்கிறோம். நாற்பத்தெட்டாயிரம் கட்டினால் மொத்தமும் வரும்" என்றான். எவ்வளவு இழந்தார், என்றைக்கு இழந்தார் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அத்திம்பேருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? முதலில் கொள்ளையடித்தவர்கள்தான் பெயர்ப் பட்டியலை விற்கிறார்கள், இல்லையென்றால் அவர்களே இரண்டாவது வேஷத்தில் வருகிறார்கள். அக்கா போனை வாங்கி, "அந்த நாப்பத்தெட்டாயிரத்தை வர்ற பணத்துலேயே கழிச்சுக்கோங்கோளேன்" என்றாள். லைன் கட்டாகிவிட்டது. நான் பி.எஸ்.ஸி., அவள் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.ஸி.

1930-க்கோ, சைபர் மையத்துக்கோ, நீதிமன்றத்துக்கோ, ரிசர்வ் வங்கிக்கோ பணத்தை மீட்க 'புராஸஸிங் பீஸ்' என்று எதுவும் கிடையாது. அமலாக்கத் துறை, சி.பி.ஐ. என்று முத்திரையோடு கடிதம் வந்தாலும் சரி.

வெளிநாட்டில் வழக்கு நடந்தால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று அத்திம்பேர் ஒரு நாள் கேட்டார். பிட்கனெக்ட் என்ற திட்டத்தைச் சொன்னேன். அதன் நிறுவனர் சூரத்காரர். 2018 ஜனவரியில் கடையைக் கட்டினார்கள். உலகம் முழுதும் 240 கோடி டாலர் சுருட்டியதாக அமெரிக்காவில் 2022-ல் குற்றப்பத்திரிகை. அந்த வழக்கில் பறிமுதல் செய்த நாணயங்களை விற்ற பணத்திலிருந்து 2023 ஜனவரியில் சான் டியாகோ நீதிமன்றம், நாற்பது நாடுகளைச் சேர்ந்த சுமார் எண்ணூறு பேருக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் திருப்பித் தர உத்தரவிட்டது. நம் அமலாக்கத் துறையும் 2025 பிப்ரவரியில் அதே விவகாரத்தில் 1,646 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோவைக் கைப்பற்றியது. ஏமாந்தவர்கள் எத்தனை ஆயிரமோ. அந்த எண்ணூறு பேரும் காகிதத்தோடு கோரிக்கையைக் கொடுத்து வைத்திருந்தவர்கள். கெயின்பிட்காயின் விஷயத்திலும் பல மாநிலங்களில் பதிவான எஃப்.ஐ.ஆர்.கள்தான் ஒன்றாகச் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் மூலம் சி.பி.ஐ.க்குப் போயின, 2025 பிப்ரவரியில் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் சோதனை நடந்தது.

பிறகு அங்கத்தினர்கள் கேட்டவை:

ஒருவர், "அந்தத் தரகர் அரசாங்கத்தில் பதிவு செய்தவர் என்று சான்றிதழ் காட்டினால்?" என்றார். 2023 மார்ச் 7 முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் படத்தை நம்பாமல் அந்தப் பிரிவின் சொந்தத் தளத்தில் பெயரைப் பாருங்கள். அந்தப் பதிவும் நம் முதலீட்டுக்கு உத்தரவாதம் அல்ல. பங்குச் சந்தைக்கு செபி போல, கிரிப்டோவுக்கு நம் முதலீட்டைக் காக்கும் ஒரு கண்காணிப்பாளர் இல்லை.

ஒரு மாமி, மகன் அமெரிக்காவில் இதேபோல் இழந்திருக்கிறான், அவன் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அங்கே எஃப்.பி.ஐ.யின் ஐ.ஸி.3 என்ற இணையக் குற்றப் புகார் மையம். அத்தோடு தன் வங்கியையும் அதே நாள் எழுத்தில் கேட்க வேண்டும்.

நஷ்டத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா என்றார் இன்னொருவர். மற்ற வருமானத்தோடு கழிக்க அனுமதி இல்லை. அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர், கூட்டம் முடிந்து மற்றவர்கள் காபிக்குப் போன பிறகு வந்து கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் நண்பருக்கு நடந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம், இனிமேல் கொடுத்தால் வாங்குவார்களா? வாங்குவார்கள். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. பணம் நிறுத்தப்பட வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆனால் அதே கணக்கு, அதே வாலெட் வேறு வழக்கில் பிடிபட்டிருக்கலாம், அப்போது இவர் பெயரும் பட்டியலில் இருக்கும். வங்கி அறிக்கை பழைய தேதியிலிருந்து வேண்டும் என்று கிளையில் எழுதிக் கேட்கச் சொல்லி, அட்டவணைப் படிவம் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அந்தப் படிவத்தில் நாற்பது பிரதி செயலாளரிடம் இருக்கிறது. வெளியூர் அங்கத்தினர்கள் தம் கிளை மூலம் கேட்டால் அனுப்பி வைப்பார். பெயர் சொல்ல வேண்டியதில்லை.